80 சதவீதம் பேரை மிதித்துக் கொன்ற கதாநாயகன்!
விதியா? வெறியா? – ஓயாத சண்டை

ஜப்பானில் ஓயிட்டா மாநிலத்தில் ஹிட்டா என்று ஒரு ஊர். அங்கே ஓயாமா அணைக்கட்டின் அடியில் 3 வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. 2 சிறுவர்கள், ஒரு சிறுமி. அணைச் சுவருக்கு மேலே ராட்சதன் தலை தெரிவது போல, மூவரும் திகிலோடு அண்ணாந்து பார்க்கிறார்கள்!

2020-ல் வைக்கப்பட்ட இந்தச் சிலைகள், "அட்டாக் ஆன் டைட்டன்" என்ற படக்கதையில் வரும் எரன், மிகாசா, அர்மின் ஆகியோருடையவை. கதையை எழுதி வரைந்த ஹஜிமே இசயாமா இந்த ஊர்க்காரர். 2009-ல் தொடங்கிய கதை 139 அத்தியாயங்கள் ஓடி, 2021 ஏப்ரலில் முடிந்தது. அச்சான பிரதிகள் 10 கோடிக்கும் மேல்.

கதை முடிந்தது. சண்டை மட்டும் முடியவில்லை!

தாயைத் தின்ற ராட்சசி

50 மீட்டர் உயர மதிலுக்குள் மனிதர்கள் அடைந்து கிடக்கிறார்கள். வெளியே ஆள் தின்னும் ராட்சதர்கள். ஒரு நாள் மதில் உடைகிறது. எரனின் தாயை அவன் கண் எதிரிலேயே ஒரு ராட்சசி தின்கிறாள். ராட்சதர்களைப் பூண்டோடு ஒழிப்பதாகச் சபதம் போடுகிறான் எரன்.

வளர்ந்த பிறகுதான் உண்மை தெரிகிறது. கடலுக்கு அப்பால் மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் இவன் தீவை வெறுக்கிறார்கள், அழிக்கவும் துடிக்கிறார்கள். உடனே மதிலுக்குள் புதைந்து கிடந்த ராட்சதர்களைக் கிளப்பி, உலகத்தின் மீது ஏவுகிறான். தீவுக்கு வெளியே 80 சதவீதம் பேர் நசுங்கிச் சாகிறார்கள். கடைசியில் அவன் தலையை வெட்டுபவள், அவன் மேல் உயிரையே வைத்திருந்த மிகாசா!

இரண்டு கட்சி

"அவன் என்னங்க செய்வான்? நடக்கப் போறதை முன்னாடியே பார்த்துட்டான். தப்பிக்க வழி ஏது?" என்பது ஒரு கட்சி.

"நல்லா இருக்கே நியாயம்! பார்த்துட்டா செஞ்சுதான் ஆகணுமா? கைக்குழந்தைங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்பது மறு கட்சி.

கடைசி அத்தியாயம் தலையில் குண்டைப் போட்டது. எதிரி நாட்டு இளைஞன் ஒருவனைத் தின்ன வேண்டிய ராட்சசியை, இறந்த காலத்துக்குள் புகுந்து வேறு பக்கம் திருப்பி விட்டவனே எரன்தானாம். அந்த இளைஞன் அன்று சாகக் கூடாதாம். அவள் போய்ச் சேர்ந்த இடம் எரனின் வீடு!

தாய் செத்ததால் சபதம். சபதத்தால் சக்தி. அந்தச் சக்தியால் தாய் சாகிறாள். கோழி முதலா, முட்டை முதலா? "கணக்கு சரியாத்தானே இருக்கு" என்கிறார்கள் சிலர். "அப்படின்னா எல்லாரும் பொம்மைங்கதானா?" என்று பாய்கிறார்கள் மற்றவர்கள்.

ஆனால், விதிக் கட்சிக்கு எரனே வேட்டு வைக்கிறான். நண்பர்கள் தன்னைத் தடுப்பார்கள் என்று தெரியாமல் இருந்திருந்தாலும் உலகத்தை நசுக்கியே இருப்பேன் என்று அர்மினிடம் ஒப்புக் கொள்கிறான். விதி வழி காட்டியது, ஆசை அவனுடையது!

நன்றி சொல்லலாமா?

அதைக் கேட்ட அர்மின், தங்களுக்காகக் கொலைகாரன் ஆனதற்கு எரனுக்கு நன்றி சொன்னான். ரசிகர்கள் கொதித்தார்கள். 2023-ல் வந்த கார்ட்டூன் படத்தில் அந்தப் பேச்சு மாற்றப்பட்டது. அங்கே அர்மின் பாவத்தில் பங்கு ஏற்றுக்கொள்கிறான்.

2021 ஜூனில் வந்த கடைசிப் புத்தகத்தில் இன்னும் சில பக்கங்கள் சேர்ந்தன. காலம் உருண்டோட, எரன் காப்பாற்ற நினைத்த தீவும் போரில் தரைமட்டம்! "அப்போ அத்தனை சாவும் எதுக்கு?" என்று கேள்வி எழுந்தது.

இளம் வயதில் தீர்மானித்த முடிவே தன்னைக் கட்டிப் போட்டு விட்டதாக இசயாமா 2023-ல் பேட்டி கொடுத்தார். எரனுக்கு வந்த அதே தொல்லை!

முதல் புத்தகத்தை மறுபடி புரட்டுகிறவர்களுக்கு ஒரு படம் இப்போது வேறு மாதிரி தெரியும். தாயை நோக்கி ராட்சசி சிரித்தபடி நடந்து வருகிறாள். அழுகிற பையனுக்குத் தெரியாது, அவளை அனுப்பியவன் யார் என்று!