மோட்டாரில் மிச்சம் பிடி, பேட்டரியில் கொட்டு

விருத்தாசலத்தில் பீங்கான் என்றால் ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், அகல் விளக்கு, பொம்மை. பக்கத்திலேயே நெய்வேலிக் களிமண். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுக் கல்வி நிலையமே இந்த ஊரில் உண்டு. இருந்தாலும் காந்தத்தை யாரும் பீங்கான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மலிவான மின் ஸ்கூட்டர் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உருளையின் உட்சுவரில் வில் போல் வளைந்த கறுப்புத் துண்டுகள் ஒட்டியிருக்கும். இரும்பு என்றுதான் தோன்றும். திருப்புளி சறுக்கி மோதினால் தட்டு விளிம்பு மாதிரி சில்லு பெயரும். அதுதான் ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு ஸ்ட்ரான்ஷியம் அல்லது பேரியம் சேர்மத்தைக் கலந்து அரைத்து, அச்சில் அழுத்தி, 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டெடுப்பது. செய்முறைப்படி பீங்கானேதான்.

கையில் காசு குறைவு, ஆனால் மின் ஸ்கேட்போர்டு ஒன்றைச் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்கிற மாணவருக்கு நான் சொல்வது இந்த ஃபெரைட் மோட்டாரைத்தான். 24 வோல்ட், 250 வாட், கார்பன் பிரஷ் வைத்தது. இணையக் காணொளிகளில் வருபவர்கள் நியோடிமியம் காந்தம் வைத்த பிரஷ்லெஸ் மோட்டாரைத்தான் மாட்டுவார்கள். 1980-களில் வந்த அந்தக் காந்தத்தின் புலம் ஃபெரைட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் அரைக் கிலோவில் முடிகிற மோட்டார், ஃபெரைட்டில் இரண்டு கிலோ அளவுக்குப் போகிறது. விலையும் தட்டுப்பாடும் வேறு சங்கதி: 2025 ஏப்ரலில் இத்தகைய காந்தங்களில் சேரும் சில அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டதும் நம் மின்வாகன ஆலைகளே திண்டாடின.

இன்னொன்று, அளவு மீறிச் சூடேறினால் நியோடிமியம் காந்தத்தன்மையை நிரந்தரமாக இழக்கும். சாதாரண ரகத்துக்கு 80 டிகிரிதான் வரம்பு. ஃபெரைட் மோட்டாரில் காந்தத்துக்கு முன்னால் பிரஷ்ஷும் சுருளின் எனாமலும்தான் போகும். பிரஷ்ஷை மாற்றிக்கொள்ளலாம்.

250 வாட் போதுமா? ஆளும் பலகையுமாக 80 கிலோ. சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் போக, சக்கர உராய்வுக்கும் காற்றுக்கும் சேர்த்து 140 வாட் அளவு போதும். நூறடிக்கு ஐந்தடி ஏறும் மேம்பாலம் வந்தால் அதே வேகத்துக்கு 350-ஐத் தாண்டும். அங்கே வேகம் குறையும், அவ்வளவுதான். சக்கரம் மட்டும் எட்டு அங்குலக் காற்று டயராக இருக்கட்டும். நம் தெரு ஜல்லிக்குக் குட்டி யுரேதேன் சக்கரம் தாங்காது. மோட்டார் சுற்றுவதோ நிமிடத்துக்கு 2,650-ஐ ஒட்டி. டயருக்கு வேண்டியது சுமார் 530 சுற்று. மோட்டாரில் 11 பல், சக்கரத்தில் 55 பல், நடுவே சங்கிலி. சக்கரத்துக்குச் செராமிக் பேரிங் போடும் மோகம் வேண்டாம். பீங்கான் ஊரில் இருந்துகொண்டே சொல்கிறேன், அது வீண் செலவு.

மிச்சம் பிடித்த பணம் பேட்டரிக்கு. பழைய லேப்டாப்பில் உருவிய 18650 செல்கள் சும்மா கிடைக்கும். ஆனால் அவை மெதுவாகக் கறக்கப்படுவதற்கென்று செய்தவை. செல்லுக்கு ஐந்து ஆம்பியர் இழுத்தாலே சூடாகும். பலகை கிளம்பும்போது மோட்டார் 25 ஆம்பியர் கேட்கும். இரண்டு யுபிஎஸ் பேட்டரியைத் தொடராகக் கட்டினால் நாலு கிலோவுக்கு மேல் கனம். அதில் அச்சிட்டிருக்கும் 7 ஆம்பியர்-மணி, 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால்தான். 15 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்தான் சரி. 32650 அளவு செல்கள் 16: எட்டு தொடராக, ஒவ்வொரு படியிலும் இரண்டு இணையாக. 25.6 வோல்ட், 12 ஆம்பியர்-மணி, சுமார் 300 வாட்-மணி, இரண்டே கால் கிலோ. பதினைந்து கிலோமீட்டர் தாராளமாக ஓடும். மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீப்பிடிக்கும் அபாயம் இதில் குறைவு. செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் சுற்று இல்லாமல் கட்டவே கூடாது.

24 வோல்ட்டில் நிற்பதில் ஒரு லாபம் உண்டு. கார் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிளேடு ஃபியூஸின் வரம்பு 32 வோல்ட். முழுதாக ஏறிய இந்தப் பொதி 29.2-க்கு மேல் போகாது. 36 வோல்ட் பொதியோ 42 வரை ஏறும்; அதற்கு அந்த ஃபியூஸ் ஆகாது. ஃபியூஸ், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்கட்டும்.

சார்ஜரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். '24 வோல்ட்' என்று விற்பவற்றில் பல ஈய-அமில பேட்டரிக்கானவை. லேபிளில் 29.2 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.