போர் தண்ணி இறங்குதா? கிராம சபையில கேளுங்க!

ஸ்ரீபெரும்புதூர்: இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதிகளில் கம்பெனிகளும் வாடகை வீடுகளும் பெருகியதால் தண்ணீர் தேவை கூடியுள்ளது. நிலத்தடி நீரை காக்க 2003-ல் தமிழக அரசு கொண்டு வந்த சட்டமோ அமலுக்கே வராமல் 2013-ல் ரத்தாகி விட்டது.

மக்கள் கையில் இருக்கும் வழி கிராம சபை. ஆண்டுக்கு 6 முறை கூடும். 2022 முதல் உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ந்தேதியும் அதில் ஒன்று.

மகாராஷ்டிராவில் உள்ள ஹிவ்ரே பஜார் கிராமத்தில் பெய்த மழையை அளந்து, என்ன பயிர் போடலாம் என்று ஊரே கூடி முடிவு எடுக்கிறது. பாசனத்துக்கு போர் போட அங்கே தடை.

நம்மூர் கிராம சபை தீர்மானம் மட்டுமே கம்பெனி போரை நிறுத்தி விடாது. ஆனால் கலெக்டரிடம் மனு கொடுக்கும்போது அதுதான் ஊரின் எழுத்துப்பூர்வ சாட்சி.

வாடகை ரூம்வாசிகள் கவனிக்க: அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால்தான் கிராம சபை உறுப்பினர்.