உலோகத் தண்டு பொருத்திய முதுகு ஆண்டுகள் கழிந்து வலிப்பது ஏன்?

முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்து முறுகும் ஸ்கொலியோசிஸ் என்னும் குறைபாடு, பெரும்பாலும் வளரிளம் பருவத்துப் பெண்பிள்ளைகளிடமே தீவிரமடைகின்றது. வளைவு 45 முதல் 50 பாகையை எட்டும்போது வைத்தியர்கள் சத்திரசிகிச்சையைச் சிபார்சு செய்வதுண்டு. முதுகு நிமிர்கின்றது, பிள்ளை பாடசாலைக்குத் திரும்புகின்றாள். பல ஆண்டுகள் கழிந்தபின் அதே முதுகில் புதிதாக வலி தோன்றினால், அதனைக் களைப்பென்றோ வயதின் கோளாறென்றோ தள்ளிவிடும் வழக்கம் வீட்டாரிடம் மட்டுமன்றிச் சில வேளைகளில் வைத்தியர்களிடமும் காணப்படுகின்றது.

பொருத்தப்பட்ட உலோகத்தின் பணி யாது என்பதை அறிந்தால் இவ்வலி விளங்கும். தண்டும் திருகாணிகளும் முதுகை ஆயுள் முழுவதும் தாங்குவதற்கானவையல்ல. இடையில் வைக்கப்படும் என்பு ஒட்டு முள்ளென்புகளை ஒரே என்பாகப் பிணைக்கும் வரை அசையாது பிடித்திருப்பதே அவற்றின் வேலை; கொங்கிறீற் இறுகும் வரை தாங்கும் பலகையடைப்பைப் போன்றது. எங்கேனும் பிணைப்பு முழுமையடையாவிடின் அவ்விடத்தில் நுண்ணிய அசைவு தொடர்கின்றது. கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் ஈற்றில் ஒடிவது போன்று தண்டும் ஒருநாள் முறியலாம். முறிவு ஊடுகதிர்ப் படத்தில் தெரியும். முறிவதற்கு முன்னரான பிணைப்புக் குறையைக் கண்டறியச் சி.ரி. ஸ்கான் தேவைப்படலாம்.

மற்றொரு காரணம் எளிதில் அகப்படாதது. தோலில் இயல்பாகவே வாழும், முகப்பருவுடன் தொடர்புடைய பற்றீரியா ஒன்று உலோகத்தில் ஒட்டி, மெல்லிய படலத்தினுள் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக்கூடியது. காய்ச்சல் இராது, இரத்தப் பரிசோதனையும் வழமையாகவே இருக்கலாம். இக்கிருமி மிக மெதுவாக வளர்வதால் ஆய்வுகூடத்தில் மாதிரியை 14 நாட்கள் வரை வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. சில நாட்களில் அகற்றிவிட்டால் 'கிருமி இல்லை' என்ற தவறான முடிவே கிடைக்கக்கூடும். என்பு நன்கு பிணைந்திருப்பின் உலோகத்தை அகற்றி நுண்ணுயிர்கொல்லி வழங்குவர். அதன்பின் வளைவு ஓரளவு திரும்பக்கூடும் என்பதையும் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை முறையே வலிக்கு வித்திட்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், இளம்பிள்ளைவாதத்தால் முதுகு வளைந்த சிறுவர்களுக்குச் சிகிச்சையளித்த போல் ஹரிங்டன் 1962 இல் தமது உருக்குத் தண்டு முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். மேலும் கீழும் கொளுக்கியிட்டு முதுகை நீட்டிய அத்தண்டு வளைவைக் குறைத்தது உண்மையே. ஆயினும் கீழ் முதுகில் இயற்கையாக அமைந்த உட்குழிவையும் அது சேர்த்தே நிமிர்த்திவிட்டது. தண்டு இடுப்பை அண்டிய முள்ளென்புகள் வரை நீண்டவர்களிற் பலர் பிற்காலத்தில் முன்னோக்கிச் சாயத் தொடங்கினர். நிமிர்ந்து நிற்பதற்கு முழங்காலை மடிக்க வேண்டியதாயிற்று. ஹரிங்டனை இதற்காகக் குறைகூறுவது முறையன்று. முன்பக்கப் படத்தைக் கொண்டே வெற்றி அளக்கப்பட்ட காலம் அது. 1980களில் பிரான்ஸின் கொத்ரெல், டுபூசே ஆகியோர் கொணர்ந்த இரட்டைத் தண்டு முறை பக்கத் தோற்றத்தையும் கருத்திற் கொண்டது.

பிணைக்கப்பட்ட பகுதி அசையாததால், அதற்குக் கீழே எஞ்சிய இடைத்தட்டுகள் கூடுதல் சுமையேற்று விரைவில் தேய்வதும் உண்டு. மெலிந்த உடலினருக்குத் திருகாணியின் தலை தசையில் உராய்ந்தும் வலிக்கலாம்.

ஆகவே வலியுடன் வைத்தியரை நாடுவோர் சத்திரசிகிச்சை நடந்த ஆண்டு, தண்டின் வகை, எந்த முள்ளென்பிலிருந்து எதுவரை பிணைக்கப்பட்டது ஆகிய விபரங்களையும் பழைய படங்களையும் எடுத்துச் செல்ல வேண்டும். வடுவில் வீக்கமோ நீர்க்கசிவோ தோன்றினால் தாமதமின்றிக் காட்ட வேண்டும். கால் வலுவிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.