டே கேர் சேர்த்ததிலிருந்து ஓயாத சளி, காய்ச்சல்... குழந்தைக்கு என்ன ஆச்சு? பெற்றோர் என்ன செய்யலாம்?

காலை 10.40 மணி. சென்னை சோழிங்கநல்லூரில் ஓர் ஐ.டி அலுவலகம். மீட்டிங் நடுவே போன் அதிர்கிறது. டே கேர் நம்பர். எடுப்பதற்கு முன்பே விஷயம் புரிந்துவிடுகிறது. "மேடம், பாப்பாவுக்கு உடம்பு சுடுது. வந்து கூட்டிட்டுப் போயிடுறீங்களா?"

சேர்த்து ஏழு வாரம்தான் ஆகிறது. முதல் வாரம் மூக்கு ஒழுகல். மூன்றாவது வாரம் காய்ச்சல். அது சரியாகி நாலு நாள் கழித்து வயிற்றுப்போக்கு. இப்போது மறுபடி காய்ச்சல். "பச்சப் புள்ளைய கொண்டுபோய் விட்டா வேற என்ன ஆகும்?" என்கிறார் மாமியார். ஆபீஸில் கேஷுவல் லீவ் தீர்ந்துவிட்டது. பேசாமல் வேலையை விட்டுடலாமா என்ற கேள்வி ராத்திரி தூங்கவிடுவதில்லை.

டே கேரில் குழந்தையை விடும் பல வீடுகளில் இதே கதைதான். 'எதிர்ப்பு சக்தி குறைவா? நாம ஏதாவது தப்பு பண்றோமா?' என்ற பயம் எல்லோருக்கும் வருகிறது. பெரும்பாலும் இரண்டுமே காரணம் இல்லை.

ஏன் இப்படி அடிக்கடி வருகிறது?

கருவில் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பிறந்த பிறகு இவை மாதாமாதம் குறைந்து, ஆறு மாத வாக்கில் பெருமளவு தீர்ந்துவிடும். குழந்தையின் சொந்த எதிர்ப்பு சக்தி அப்போதுதான் வேலை பழக ஆரம்பித்திருக்கும்.

சட்டம் தரும் விடுப்பும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் முடிகிறது. 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டம் திருத்தப்பட்டபோது, முதல் 2 குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த விடுப்பு 26 வாரமானது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆக, அம்மா வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலு முதல் ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு தீரும் நேரத்தில், பத்துப் பதினைந்து குழந்தைகள் ஒரே பொம்மையை வாயில் வைக்கும் இடத்துக்குக் குழந்தை போகிறது.

ஒரு தடவை வந்தால் திரும்ப வராதா?

சளி என்பது ஒரே நோய் இல்லை. அதை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றைப் பழகினாலும் அடுத்த வகை உடம்புக்குப் புதுசுதான். சின்னக் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். டே கேர் போகும் முதல் வருஷத்தில் இது இன்னும் கூடும்.

ஒவ்வொரு சளியும் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் கூட இழுக்கும். அதற்குள் அடுத்தது தொற்றிவிட்டால், 'மாசம் பூரா சளி' என்றுதான் வீட்டில் தோன்றும். பல நேரம் அது ஆறாத ஒரே நோய் இல்லை. அடுத்தடுத்து வந்த தனித்தனி தொற்றுகள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, காலண்டர். காய்ச்சல் வந்த நாள், விட்ட நாள், இருமல் நின்ற நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நடுவில் குழந்தை நன்றாக விளையாடுகிறது, சாப்பிடுகிறது, எடை கூடுகிறது என்றால் பயப்பட வேண்டியதில்லை. மருத்துவரிடம் போகும்போதும் இந்தக் குறிப்பு உதவும்.

இது எப்போது குறையும்?

அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 13 வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. நிறைய குழந்தைகள் இருந்த டே கேருக்குப் போனவர்களுக்கு 2 வயதில் சளி அதிகம் வந்தது. ஆனால் 6 முதல் 11 வயதில், வீட்டிலேயே வளர்ந்தவர்களைவிட அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. 13 வயதில் வித்தியாசம் இல்லை. டே கேருக்குப் போகாத குழந்தைக்கு இதே கட்டம் பள்ளி சேரும்போது வரும் என்று புரிந்துகொள்ளலாம்.

வீட்டில் என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கணும்?

மூக்கடைப்புக்கு சலைன் சொட்டு மருந்து, அடிக்கடி தாய்ப்பால், போதிய தூக்கம். வைரஸ் சளிக்கு இவையே பெரிய வைத்தியம். சளி பச்சையாக வருகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. வைரஸ் மேல் அது வேலையும் செய்யாது.

இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததால், மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. 2 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது.

பாராசிட்டமால் கொடுக்கும்போது பாட்டிலைப் பாருங்கள். டிராப்ஸில் பொதுவாக 1 மில்லியிலேயே 100 மி.கி. மருந்து இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 125 அல்லது 250 மி.கி. இருக்கும். ஒன்றின் அளவில் மற்றதைக் கொடுத்தால் ஆபத்து. எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

ஒரு வயது ஆகும்வரை நாக்கில் தேன் தடவக் கூடாது. நெஞ்சில் கற்பூர எண்ணெய் தேய்ப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது இரண்டையும் விட்டுவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல், கூடவே மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் ஜிங்க். வயிறு நின்றதும் ஜிங்க்கை நடுவில் நிறுத்தக் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல், 1 வயது தாண்டிய குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாமதிக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும் அப்படித்தான். பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் போகாதது ஆகியவையும் அவசரம். 3 மாதத்துக்குக் கீழ் என்றால் 100.4 டிகிரி காய்ச்சலே போதும், கிளம்பிவிட வேண்டும்.

ஒரே வருஷத்தில் 2 முறை நிமோனியா, திரும்பத் திரும்ப காதில் சீழ், எடை ஏறாமல் நிற்பது போன்றவை இருந்தால் எதிர்ப்பு சக்தியைப் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

திரும்ப எப்போது அனுப்பலாம்?

மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல், நன்றாக விளையாடினால் அனுப்பலாம். லேசான மூக்கு ஒழுகலுக்கு வீட்டில் வைக்கத் தேவையில்லை. காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் மதியம் மறுபடி அதே போன்தான் வரும். நடுவில் மற்ற குழந்தைகளுக்கும் பரவியிருக்கும்.

டே கேரில் கேட்க வேண்டியவையும் உண்டு. டயப்பர் மாற்றிய பிறகு ஆயா சோப்பு போட்டுக் கை கழுவுகிறாரா? உடம்பு சரியில்லாத பிள்ளையைத் தனியாக வைக்கிறார்களா? பொம்மைகளைக் கழுவுகிறார்களா? இதோடு தடுப்பூசி அட்டையில் எதுவும் விடுபடவில்லையா என்று பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசியை 6 மாதத்திலிருந்து போடலாம். அரசு அட்டவணையில் அது இல்லை என்பதால் மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும்.

லீவ் யாருடையது?

மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்புக்காகப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் விடுப்பு உண்டு. தனியார் ஊழியர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் பெரும்பாலும் அம்மாவின் லீவ்தான் முதலில் தீர்கிறது. சேர்க்கும் முன்பே அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. முதல் நாள் யார், இரண்டாம் நாள் யார், ஊரிலிருந்து யார் வர முடியும்? டே கேரில் இருவர் நம்பரையும் கொடுத்து, முதலில் அப்பாவை அழைக்கச் சொல்லலாம். மேனேஜரிடமும் 'முதல் வருஷம் இப்படித்தான் இருக்கும்' என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

ராஜினாமா கடிதம் எழுதும் முன் அந்தக் காலண்டரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதல் சில மாதங்களைவிடக் காய்ச்சல் இல்லாத நாள்கள் கொஞ்சமாவது நீண்டிருந்தால், குழந்தை தேறி வருகிறது என்று அர்த்தம்.