ஆறாத முதல் காயம்

மதக் கலவரத்துக்கு மதம் மட்டுமே காரணமல்ல. தாமதமாகும் நீதியும்தான் என்கிறது கேரளக் கடற்கரையின் அனுபவம்.

திருவனந்தபுரம் பாளையத்தில் மசூதிக்கும் கணபதி கோயிலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். எதிரே தேவாலயம். வெளியூர்க்காரர்களுக்கு நகரவாசிகள் பெருமையோடு காட்டும் இடம். ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி, பூந்துறை கடற்கரையில் 1992 ஜூலையில் இந்து-முஸ்லிம் கலவரம் வெடித்தது. பாபர் மசூதி இடிபட அப்போது இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் வெட்டிக்கொள்வது எப்படி? வடக்கே, கோழிக்கோட்டை அடுத்த மாராடு மீனவர் குப்பத்தின் கதை இதற்கு விடை சொல்கிறது.

2002 ஜனவரி 3ஆம் தேதி அங்கே ஒரு சில்லறைத் தகராறு முற்றியது. மறுநாளுக்குள் 3 இந்துக்களும் 2 முஸ்லிம்களும் பலி. நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாகியும் விசாரணை நகரவில்லை. துக்கம் பழியாக மாற அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. 2003 மே 2 மாலை, மீன்பிடித்துத் திரும்பியிருந்த 8 இந்து மீனவர்கள் கரையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தாக்க வந்தவர்களில் ஒருவரும் இறந்தார். கொலையோடு சம்பந்தமில்லாத முஸ்லிம் குடும்பங்களும் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

நீதிபதி தாமஸ் பி. ஜோசப் கமிஷனின் அறிக்கை 2006இல் கேரள சட்டசபையில் வைக்கப்பட்டது. இது திட்டமிட்ட சதி என்றது அறிக்கை. முதல் கலவர வழக்குகளில் அரசு காட்டிய மெத்தனத்தையும் அது விட்டுவைக்கவில்லை.

இத்தனைக்கும் கோழிக்கோடு அமைதிக்குப் பெயர் பெற்ற நகரம். அரசியல் ஆய்வாளர் அசுதோஷ் வார்ஷ்னே 2002இல் வெளியிட்ட நூலில் அதை அலிகருடன் ஒப்பிட்டார். வணிகர் சங்கம், தொழிற்சங்கம், படிப்பகம் என்று இரு மதத்தாரும் கலந்திருக்கும் அமைப்புகளே வதந்திக்கு அணை போடுகின்றன என்பது அவர் வாதம். மாராட்டில் முதல் ரத்தம் சிந்தியதுமே அந்த அணை உடைந்துவிட்டது.

சமரசம் பிறகு வந்தது. திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த காந்தியவாதி பி. கோபிநாதன் நாயர் அதில் முக்கியப் பங்கு வகித்தார். வெளியேறிய குடும்பங்கள் திரும்பின. தண்டனையும் வந்தது: 2009இல் 62 பேருக்கு ஆயுள் சிறை.

இந்தச் சமரசமும் இந்த நீதியும் முதல் 5 சாவுகளுக்குப் பிறகே வந்திருந்தால், கடற்கரையில் அந்த மாலை வேறு மாதிரி முடிந்திருக்கும்.