மலைக் காப்பியும் நியாய விலையும்

தரும ஸ்தாபனத்தின் உதவி மலைக் குடியானவனுக்கு நன்கொடையாக வரவேண்டுமா, விலையாக வரவேண்டுமா? மெக்சிகோ நாட்டின் ஓவாகா மலைச்சரிவுகளில் காப்பி பயிரிடும் சிறு விவசாயிகள் இதற்கு விடை கண்டனர். அங்கு இடைத்தரகருக்குக் ‘கொயோட்டே’ என்றே பெயர்; ஓநாய்க்கு இனமானதொரு விலங்கு அது. நம் நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1983-இல் அவர்கள் ‘உசிரி’ என்னும் சங்கம் அமைத்தனர். நெதர்லாந்தின் சாலிடாரிடாட் ஸ்தாபனத்திடம் அவர்கள் வேண்டியது நன்கொடையன்று, நியாய விலையே. 1988-இல் ‘மாக்ஸ் ஹாவெலார்’ முத்திரை பிறந்தது; முத்திரையிட்டு விற்கும் காப்பிக்குக் குறைந்த அளவு விலை உறுதியாயிற்று. மறு ஆண்டே சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை குலைந்து, உலக விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. அப்போதுதான் முத்திரையின் அருமை விளங்கிற்று.

சங்கக் கணக்குகளைப் பார்க்கும் நாம் ஒன்றைக் கவனிக்கிறோம்: அவ்வுறுதி முத்திரையின்கீழ் விற்ற மூட்டைகளுக்கு மட்டுமே, எஞ்சியவை சந்தை விலைக்கே போகும்.