கொம்பும் மதிப்பும்

வேட்டையில் வீழும் மான்கள் யாவும் வெற்றிச் சின்னங்கள் ஆவதில்லை. ஊனுக்காக வேட்டையாடுவோர் மானின் உடலை நோக்குவர். சின்னத்திற்காக வேட்டையாடுவோர் அதன் கொம்பை நோக்குவர். அக்கொம்பின் மதிப்பு எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதை வட அமெரிக்காவின் வெண்வால் மானைக் கொண்டு அறியலாம்.

கொம்பின் இயல்பு

மாடு, இரலை ஆகியவற்றின் கொம்புகள் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பவை. மானின் கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. இளவேனிலில் வளரத் தொடங்கும் கொம்பை மென்மயிர் போர்த்த தோல் மூடியிருக்கும். அத்தோலில் ஓடும் குருதி கொம்பிற்கு ஊட்டம் தருகிறது. கோடையின் இறுதியில் கொம்பு எலும்பாக இறுகியதும் தோல் உரிந்துவிடும். வயது, உணவு, மரபு ஆகிய மூன்றும் கொம்பின் அளவை உறுதிசெய்கின்றன. எனவே, பெருங்கொம்பு என்பது அம்மான் பல ஆண்டுகள் உயிர்பிழைத்து, வளமான நிலத்தில் மேய்ந்ததற்குச் சான்றாகும்.

அளக்கும் முறை

தியோடர் ரூஸ்வெல்ட் 1887ஆம் ஆண்டு நண்பர்களுடன் சேர்ந்து பூன் அண்டு கிராக்கெட் கழகத்தை நிறுவினார். இன்று வழங்கும் அளவுமுறையை அக்கழகம் 1950இல் ஏற்றுக்கொண்டது. கொம்பை 60 நாள்கள் உலரவிட்ட பின்னரே அளப்பர். முதன்மைத் தண்டுகளின் நீளம், அவற்றின் சுற்றளவு, கிளைகளின் நீளம், தண்டுகளுக்கு இடைப்பட்ட அகலம் ஆகியவற்றை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை நுட்பமாக அளந்து கூட்டுவர். ஓர் அங்குலத்திற்கும் குறைந்த முனை கிளையாகக் கொள்ளப்படுவதில்லை. இயல்பான வடிவுடைய கொம்பில் இடப்புறமும் வலப்புறமும் வேறுபட்டால், அவ்வேறுபாட்டைக் கழிப்பர். இவ்வகைக் கொம்பு 170 புள்ளிகளும், இயல்பு மீறிக் கிளைத்த கொம்பு 195 புள்ளிகளும் பெற்றால் கழகத்தின் எக்காலத்திற்குமான பதிவேட்டில் இடம்பெறத் தகுதி பெறும்.

அளவும் அறமும்

அளவு மட்டுமே போதுமானதன்று. தப்பியோட வழியின்றி வேலிக்குள் அடைக்கப்பட்ட மானைச் சுட்டு எடுத்த கொம்பு எத்துணைப் பெரிதாயினும் கழகம் அதனை ஏற்பதில்லை. விலங்கிற்குத் தப்பும் வாய்ப்பளிப்பதே நேரிய வேட்டை என்பது அதன் கொள்கை.

இங்கு எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. இயல்பு மீறிய கொம்பு வகையில் உலகச் சாதனையாகப் பதிவான மான் 333 7/8 புள்ளிகள் பெற்றது. அதனை எந்த வேட்டைக்காரரும் வீழ்த்தவில்லை. 1981இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் அது இறந்து கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அங்ஙனமாயின், அளவுகோல் போற்றுவது யாரை? மானையும் அதனை வளர்த்த நிலத்தையுமே அன்றோ! சுவரில் தொங்கும் கொம்பு வேட்டைக்காரரின் பெருமையைப் பேசலாம்; அதன் ஒவ்வோர் அங்குலமும் மான் வாழ்ந்த வாழ்வையே பேசுகிறது.